அண்ணாவின் 88 ஏன் ஆப்பில் இல்லை?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். தமிழ் நண்பர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு கோல்ஃப் கிளப் பதிவு செய்து, எல்லோரும் ஜி.எச்.ஐ.என். என்ற ஆப்பில் ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ப ஸ்கோரில் கழித்துக் கொடுக்கும் ஸ்ட்ரோக், அதாவது அடிகள்) வைத்திருக்கிறோம். சொந்த மைதானம் கிடையாது. சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பொது மைதானத்தில் ஆட்டம், ஆளுக்கு 20 டாலர். வருஷத்துக்கு ஒரு முறை நெட் ஸ்கோரில் கோப்பை, அதாவது மொத்த அடிகளில் ஹேண்டிகேப்பைக் கழித்தால் யாருக்குக் குறைவோ அவருக்கு.

எங்களில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணா. பாதிப் பேருக்கு கோல்ஃப் மட்டையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். லண்டனில் பல வருஷம் ஆடியவர். சனிக்கிழமைகளில் எங்களோடு 88, 90 என்று ஆடுகிறார். ஆப்பில் பார்த்தால் 95க்கு மேல்தான் இருக்கிறது, ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 21.8. கேட்டால், “இது சும்மா ஜாலி ஆட்டம்டா. கிம்மி கொடுக்கிறோம், மல்லிகன் எடுக்கிறோம், இதையெல்லாம் யாராவது போடுவாங்களா?” என்கிறார். (கிம்மி என்றால் ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் பந்தை அடிக்காமலே விழுந்ததாக விட்டுக்கொடுப்பது, மல்லிகன் என்றால் பிடிக்காத அடியைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி அடிப்பது.) இரண்டு வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான். போன முறை 86 அடித்து நெட் 63.

என் இண்டெக்ஸ் 14.2. இதுவரை ஜெயித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், ஏதாவது ஒரு ஹோலில் 11, 12 என்று போய்விட்டால் வெட்கமாக இருக்கும், அந்த ரவுண்டை நான் ஆப்பில் போடுவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லையே? அண்ணாவிடம் எப்படிப் பேசுவது?

பெயர் வேண்டாம், பிளேனோ

பதில்:

அண்ணாவைப் பற்றி ஒரு பக்கமும் உங்களைப் பற்றி மூன்று வரியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது சரியாகாமல் அண்ணாவிடம் நீங்கள் பேசப் போனால், அவர் ஆப்பைத் திறந்து உங்கள் கணக்கைக் காட்டினால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரே கிளப்பில் இருப்பவர்கள் ஒருவர் ஸ்கோரை ஒருவர் பார்க்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த 11ஐ எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஆடும் டீக்கு, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்துக்கு, கோர்ஸ் ரேட்டிங் (கைதேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 71.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அதைவிட எவ்வளவு கஷ்டம் என்ற அளவு) 128, பார் (மைதானத்துக்கு வகுத்த அடிகள்) 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 14.2ஐ 128 ஆல் பெருக்கி, நிலையான ஸ்லோப்பான 113 ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமான 0.8ஐக் கழித்தால் 15 வரும். அன்றைக்கு அந்த டீயில் உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப் அது. ஸ்கோர் கார்டில் ‘ஹேண்டிகேப்’ என்ற வரிசையில் 1 முதல் 15 வரை எண் போட்ட ஹோல்களில் உங்களுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பார் 4 ஹோலில் நீங்கள் 11 அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு அது 7தான்: பார் 4, அதற்கு மேல் 2, உங்களுக்குச் சேரவேண்டிய 1. இதற்கு நெட் டபுள் போகி என்று பெயர். ஹோல் ஹோலாக ஸ்கோரை ஏற்றினால் ஆப் தானே 11ஐ 7 ஆக்கிக்கொள்ளும். மற்ற ஹோல்களில் எதுவும் அந்த வரம்பைத் தாண்டவில்லை என்றால், நீங்கள் ஒளித்துவைத்த 98 ஆப்பின் கண்ணுக்கு 94. உங்கள் வெட்கத்தை விதி எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். நீங்கள் தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறீர்கள். இண்டெக்ஸ் என்பது கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8 டிஃபரென்ஷியலின் சராசரி. டிஃபரென்ஷியல் என்பது மைதானத்தின் கஷ்டத்தையும் கணக்கில் எடுத்து ஒரு ரவுண்டுக்குப் போடும் எண். மோசமான ரவுண்டுகள் அந்த எட்டுக்குள் வராது, உண்மைதான். ஆனால் அவை 20க்குள் ஓர் இடத்தைப் பிடிக்கும், பழைய நல்ல ரவுண்டு ஒன்றை வெளியே தள்ளும். நீங்கள் 35 ரவுண்டு ஆடி அதில் 15ஐ மறைத்தால், 20இல் சிறந்த 8 என்பது 35இல் சிறந்த 8 ஆகிவிடுகிறது. போன வருஷம் எப்போதோ அடித்த 82 இன்னும் உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டு, சர்க்கரை நார்மல் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறவருடைய கணக்கு இது. பணம் போவது உங்களுடையது என்றாலும், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஃபோர்பாலில் உங்களோடு ஜோடி சேருகிறவர் இருக்கிறாரே, அவர் எதற்கு ஒன்றிரண்டு ஸ்ட்ரோக்கை இழக்க வேண்டும்?

இன்னொன்று. ஒழுங்காக எல்லாம் போட்டு வருகிறவர்கூட தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ற ஸ்கோரை அடிப்பது நாலைந்து ரவுண்டுக்கு ஒரு முறைதான். கணக்கு சிறந்த எட்டை எடுப்பதால் அப்படித்தான் இருக்கும். சராசரி ஆட்டம் ஹேண்டிகேப்பை விட இரண்டு மூன்று ஸ்ட்ரோக் கூடுதலாகவே வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நெட் 72 வரவில்லை என்று மனம் கசந்தால் அது கோல்ஃபின் குற்றமில்லை.

இப்போது அண்ணா. போன வருஷக் கோப்பை ஆட்டமும் இதே ரேட்டிங் உள்ள டீயில் நடந்தது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். இண்டெக்ஸ் 21.8 என்றால் கோர்ஸ் ஹேண்டிகேப் 24. மொத்த அடிகளை எண்ணும் தனிநபர் ஸ்ட்ரோக் ஆட்டத்துக்கு அதில் 95 சதவீதம் என்பது பரிந்துரை, அப்போது 23. 86இல் 23 போக 63. நீங்கள் சொன்ன எண் சரியாகப் பொருந்துகிறது.

அந்த 86இன் டிஃபரென்ஷியல் என்ன? 86இலிருந்து 71.2ஐக் கழித்து, 113 ஆல் பெருக்கி, 128 ஆல் வகுத்தால் 13.1. அவருடைய இண்டெக்ஸை விட 8.7 குறைவு. இண்டெக்ஸை விட 7 அல்லது அதற்கு மேல் குறைவாக ஒரு ரவுண்டு வந்தால், அதை அசாதாரண ஸ்கோர் என்று கணினியே குறித்துக்கொண்டு இண்டெக்ஸில் மேலும் 1 கழிக்கும். 10 அல்லது அதற்கு மேல் குறைவு என்றால் 2 கழிக்கும். ஆக, போட்டி ஸ்கோரை முறையாக ஏற்றியிருந்தால் அண்ணாவின் இண்டெக்ஸ் அன்று இரவே 19.5 பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.

பிறகு எப்படி மறுபடியும் 21.8? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இண்டெக்ஸ் கன்னாபின்னாவென்று ஏறாமல் இருக்க ஒரு கடிவாளம் உண்டு. கடந்த 365 நாளில் இருந்த மிகக் குறைந்த இண்டெக்ஸை விட 3 வரை தாராளமாக ஏறலாம். அதற்கு மேல் ஏறுவது பாதியாகும், 5க்கு மேல் ஏறவே ஏறாது. 19.5இலிருந்து 21.8க்குப் போக 2.3தான். கடிவாளம் இழுபடவே இல்லை. 95, 97, 96 என்று வரிசையாக ஏற்றிக்கொண்டே வந்தால் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். கணினி பிடிப்பது உள்ளே வந்த ஸ்கோரை மட்டும்தான். வராத ஸ்கோரைப் பிடிக்க கூட ஆடிய மனிதர்கள்தான் வேண்டும்.

சனிக்கிழமை 88கள் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 88க்கு டிஃபரென்ஷியல் 14.8, 91க்கு 17.5. சிறந்த எட்டின் சராசரி 16ஐ ஒட்டி இருந்திருக்கும். அந்த இண்டெக்ஸுக்கு போட்டியில் கிடைப்பது 16 ஸ்ட்ரோக். அதே 86க்கு நெட் 70. நல்ல ஆட்டம், கோப்பைகூட அவருக்கே கிடைத்திருக்கலாம். ஆனால் 63க்கும் 70க்கும் நடுவில் உள்ள ஏழு ஸ்ட்ரோக், மற்ற இருபத்தொன்பது பேரும் அவருக்கு மொய் வைத்தது.

இதைப் படித்ததும் அவரை மோசடிக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் லண்டனில் ஆடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 2020இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏ.வும் சேர்ந்து உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவரும் வரை, உலகத்தில் ஆறு முறைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் பெரும்பாலும் கிளப் போட்டி ஸ்கோர்தான் ஹேண்டிகேப்புக்குப் போகும். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடியதை யாரும் எழுதி வைக்கவே மாட்டார்கள். இன்றும் அங்கே சாதாரண ரவுண்டு கணக்கில் ஏற வேண்டுமென்றால் முதல் பந்தை அடிக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். அந்த ஊரில் “ஜாலி ஆட்டத்தை யாராவது போடுவாங்களா?” என்று கேட்டால், மாட்டார்கள்தான்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கே தகுதியுள்ள எந்த ரவுண்டாக இருந்தாலும் போட்டாக வேண்டும். போட்டியா, ஜாலியா, பணம் உண்டா, இல்லையா என்பதற்கு இதில் வேலையே இல்லை. விதிப்படி, குறைந்தது இன்னொருவர் கூட இருக்க, ரேட்டிங் உள்ள மைதானத்தில், உங்கள் சொந்தப் பந்தை ஆடினீர்களா? போடுங்கள். யார் எத்தனை ஹோலை ஜெயித்தார் என்று எண்ணும் மேட்ச் பிளேயும் சேர்த்தி. எல்லோரும் ஒரே பந்தை எடுத்து ஆடும் ஸ்கிராம்பிள் கிடையாது. தனியாகப் போய் ஆடியது கிடையாது. ஒன்பது ஹோல் ஆடினாலும் போடலாம், இருட்டிவிட்டது என்று பதினான்கோடு நிறுத்தினாலும் போடலாம், மீதியை 2024 முதல் கணினியே உங்கள் இண்டெக்ஸை வைத்து மதிப்பிட்டுக்கொள்கிறது. டெக்சாஸில் வருஷம் முழுக்க சீசன்தான், அதனால் டிசம்பர் ஸ்கோருக்கும் விலக்கு இல்லை.

ஆக, ரவுண்டு முடிந்து பீரோ காபியோ கையில் வைத்துக்கொண்டு “இதைப் போடலாமா, வேண்டாமா?” என்று யோசிக்கிற வேலையே உங்களுக்கும் கிடையாது, அண்ணாவுக்கும் கிடையாது. ஸ்கோரைப் பார்த்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் தப்பு. நீங்கள் 98ஐ மறைத்தாலும் அவர் 88ஐ மறைத்தாலும் செய்வது ஒரே காரியம். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கிம்மி சாக்குக்கு வருவோம், எல்லாக் குழுவிலும் இது உண்டு. பந்தை ஓட்டைக்குள் போட்டு முடிக்காத ஹோலுக்கு ஸ்கோர் எழுத வழி இருக்கிறது. பந்து ஓட்டைக்கு 5 அடிக்குள் இருந்தால், அடித்ததோடு 1 சேர்த்துக்கொள்ளுங்கள். 5 அடியிலிருந்து 20 கஜம் வரை என்றால் 2 அல்லது 3, இடத்தையும் உங்கள் திறமையையும் பார்த்து. அதற்கும் தள்ளி என்றால் 3 அல்லது 4. கிடைத்த எண் நெட் டபுள் போகியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். மூன்றடி கிம்மி கொடுத்ததால் ஒரு ரவுண்டு செல்லாமல் போவதில்லை. எட்டடி தள்ளி நிற்கும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு 1 மட்டும் எழுதுகிறவர்தான் பிரச்சினை. அவர் தன் இண்டெக்ஸைத் தானே குறைத்துக்கொள்கிறார், அதுவும் உங்களைப் போன்ற கேஸ்.

மல்லிகன் விஷயத்தில் அண்ணா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விதிப்படி ஆடிய ரவுண்டுதான் கணக்கில் ஏற வேண்டும், மல்லிகன் எந்த விதியிலும் கிடையாது. பிடிக்காத அடியை மறந்துவிட்டு இரண்டாவது பந்தின் ஸ்கோரை எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இதற்கு மருந்து ஸ்கோர் போடாமல் இருப்பதில்லை, மல்லிகனை நிறுத்துவது. 20 டாலர் வைத்து ஆடுகிற ஆட்டத்தில் அது எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. இரண்டாவது பந்து அடித்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால், ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி ரேஞ்சில் ஒரு கூடை பந்து வாங்கி அடிக்கச் சொல்லுங்கள்.

அண்ணாவிடம் பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். ஆப்பில் அவருடைய கடைசி 20ஐத் திறந்து, தேதியும் மைதானமும் உங்கள் சனிக்கிழமைகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை ஸ்கோர் ஒன்றுகூட இல்லை, இருக்கிற 95, 97 எல்லாம் வேறு இடத்தில் வேறு ஆட்களோடு ஆடியவை என்றால், அது லண்டன் பழக்கம். விதியைச் சொன்னால் சரியாகிவிடும். மோசமான சனிக்கிழமைகள் மட்டும் உள்ளே, நல்ல சனிக்கிழமைகள் மட்டும் வெளியே என்றால், லண்டனைச் சாக்காகச் சொல்ல முடியாது. அப்போது அவர் தெரிந்தேதான் பொறுக்கி எடுக்கிறார். எந்த டீயில் போட்டிருக்கிறார் என்றும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளை டீயில் ஆடிவிட்டு நீல டீயில் போடுகிறவர்கள் ஏராளம். ரேட்டிங் இரண்டு ஸ்ட்ரோக் மாறினால் டிஃபரென்ஷியலும் கிட்டத்தட்ட அவ்வளவு மாறும். பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வதில்லை, ஆப் முன்பு தேர்ந்தெடுத்ததையே காட்டுவதால் கவனிக்காமல் அழுத்திவிடுகிறார்கள்.

முதல் வகை என்றால், வாட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுத வேண்டாம். முப்பது பேர் முன்னால் ஒரு பெரியவரை ஸ்கோர் விஷயத்தில் கேள்வி கேட்டால், நாளைக்கு அவர் மாறினாலும் அந்த மனஸ்தாபம் போகாது. தனியாக, காரில் போகும்போது சொல்லுங்கள்: “அண்ணா, நான் மோசமான ரவுண்டெல்லாம் போடாம விட்டுட்டேன். இந்த ஊர்ல எல்லாத்தையும் போடணுமாம், ஜாலி ஆட்டமும் சேர்த்தி. கிம்மிக்கும் கணக்கு இருக்கு. நானும் இனிமே போடறேன், நீங்களும் போடுங்கண்ணா.” உங்கள் தப்பை முதலில் வைத்தால் அவருக்கு முகம் சுண்டாது, நீங்கள் பொய்யும் சொல்லவில்லை.

அதோடு கிளப்புக்குப் பொதுவாக ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள். பதினெட்டாவது ஹோல் முடிந்ததும், பணம் பிரிக்கும் முன், நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஹோல் ஹோலாக ஏற்ற வேண்டும். ஸ்கோர் ஏறாதவருக்கு அன்றைய பணம் இல்லை. யாரையும் குறிவைக்காத விதி, எல்லோருக்கும் ஒன்று. அன்றன்றே போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அன்றைக்குக் காற்றோ மழையோ அடித்து எல்லோருடைய ஸ்கோரும் கெட்டிருந்தால், நள்ளிரவில் கணினி அந்த நாளின் ஸ்கோர்களை எடை போட்டு டிஃபரென்ஷியலில் 1 முதல் 3 வரை குறைத்துக் கொடுக்கும், ரொம்பச் சுலபமான நாள் என்றால் 1 கூட்டும். அதற்கு அந்த மைதானத்தில் அன்று குறைந்தது எட்டு ஸ்கோராவது ஏறியிருக்க வேண்டும். டெக்சாஸ் மார்ச் மாதக் காற்றில் ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது வகை என்றால் நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை, போராடவும் கூடாது. மைதானம் இல்லாத கிளப்பானாலும் ஹேண்டிகேப் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். பெயருக்கு மூன்று பேரை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பீர்கள், பெரும்பாலான கிளப்களில் கதை அதுதான். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். கூட ஆடியவர்களிடம் இருக்கும் கார்டை வைத்து விடுபட்ட ஸ்கோரை அந்தக் குழுவே ஏற்றலாம். ஸ்கோர் தெரியவில்லை என்றால் அதற்குப் பதிலாக ஒரு தண்டனை ஸ்கோரைப் போடலாம். இண்டெக்ஸையே 1 அல்லது அதற்கு மேல் குறைக்கலாம். தொடர்ந்து செய்தால் இண்டெக்ஸைப் பறிக்கவும் அதிகாரம் உண்டு, ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அவரிடம் சொல்லி, அவர் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் இண்டெக்ஸை மாற்றினால் தப்பு குழுவின் மேல் வந்துவிடும்.

அடுத்த கோப்பைக்கான போட்டி விதியிலும் ஒரு வரி சேருங்கள்: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இத்தனை ஸ்கோராவது ஏற்றியவருக்குத்தான் நெட் பரிசு. எத்தனை என்பதை நீங்களே பேசி வையுங்கள். ஹேண்டிகேப்பைக் கழிக்காத கிராஸ் ஸ்கோருக்கு ஒரு பரிசு தனியாக வைப்பதும் நல்லது, நன்றாக ஆடுகிறவர் ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

உங்களுக்கு ஒரு வேலை பாக்கி. மறைத்த ரவுண்டுகளில் எதற்கெல்லாம் கார்டு கையில் இருக்கிறதோ, அவற்றை இந்த வாரமே உட்கார்ந்து ஏற்றுங்கள். தேதியைச் சரியாகக் கொடுத்தால் ஆப் அந்தந்த நாளின் இடத்திலேயே வைத்துக்கொள்ளும். இண்டெக்ஸ் 16ஐத் தொடலாம், பதற வேண்டாம். கார்டு இல்லாததை மனக்கணக்காகப் போடாதீர்கள். இது முடிந்த பிறகு அண்ணாவின் காரில் ஏறுங்கள்.